பெட்டியில் எழுதியிருக்கும் 15 பார்: வீட்டு எஸ்பிரெசோ இயந்திரத்தை மதிப்பிட ஓர் எளிய விளக்கம்

வெந்நீரை அமுக்கத்தால் கோப்பித் தூளுக்குள் தள்ளிச் செறிந்த கோப்பி எடுக்கும் எஸ்பிரெசோ இயந்திரங்கள், கொழும்பின் மின்சாதனக் கடைகளில் இப்போது மின் கேத்தல்களுக்குப் பக்கத்திலேயே அடுக்கப்பட்டிருக்கின்றன. பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் ‘15 பார்’ என்றும், வேறு சிலவற்றில் ‘20 பார்’ என்றும் அச்சிடப்பட்டிருக்கும். வாங்க வருபவர் இரண்டு பெட்டிகளையும் ஒப்பிட்டு, எண் கூடியதே திறன் கூடியது என்று முடிவு செய்வது இயல்பு. வெள்ளவத்தையில் வசிக்கும் என் மைத்துனரும் அப்படித்தான் ஒன்றை வாங்கினார். மூன்று வாரங்களுக்குள் அது அலுமாரிக்குள் போய்விட்டது. கோப்பி நீர்த்தும் புளித்தும் இருந்ததால், மலிவான இயந்திரம் இவ்வளவுதான் என்று அவர் தீர்மானித்துவிட்டார். உண்மையில் அந்த இயந்திரத்தில் எந்தப் பழுதும் இருக்கவில்லை. அமுக்கத்தை இயந்திரம் மட்டும் உண்டாக்குகிறது என்ற எண்ணமே பிழையாக இருந்தது. அந்த எண்ணம் பரவலாக இருப்பதால், அதை அடியிலிருந்து விளக்குவது பயனுள்ளதென்று நினைக்கிறேன்.

அமுக்கம் எங்கே பிறக்கிறது?

பார் என்பது அமுக்கத்தை அளக்கும் அலகு. கடல் மட்டத்தில் நம்மைச் சூழ்ந்திருக்கும் வளியின் அமுக்கம் ஏறத்தாழ 1 பார். கார் டயரில் அடைக்கப்படும் காற்று, வெளியமுக்கத்தைவிட 2 பார் அளவு கூடுதலானது. சமையலறையில் விசிலடிக்கும் பிரஷர் குக்கருக்குள் அது சுமார் 1 பார் கூடுதலாக இருக்கும். எஸ்பிரெசோவுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அமுக்கமோ 9 பார். தாமரைக் கோபுரத்தின் கால்பங்கு உயரத்துக்கு, அதாவது ஏறத்தாழ 90 மீற்றருக்கு, ஒரு குழாயை நிமிர்த்தி நீர் நிரப்பினால் அதன் அடியில் இருக்கும் அமுக்கம் அது. கோப்பித் தூளை இடும், 58 மில்லிமீற்றர் விட்டமுள்ள உலோகக் கூடையின் முகப்பில் அந்த அமுக்கம் செலுத்தும் விசை, ஏறத்தாழ ஐந்து சீமெந்துப் பைகளை அதன் மேல் அடுக்கியதற்குச் சமம்.

இந்த விசையை இயந்திரம் தனியாக உண்டாக்குவதில்லை. பூங்கன்றுகளுக்கு நீர்விடும் இறப்பர்க் குழாயை நினைத்துப் பாருங்கள். வாய் திறந்திருக்கும்போது நீர் காலடியிலேயே விழுகிறது. பெருவிரலால் வாயைப் பாதி மூடினால் அதே நீர் மதிலைத் தாண்டிப் பாய்கிறது. குழாய்க்கு நீர் வரும் தொட்டி மாறவில்லை, விரல் கொடுத்த தடைதான் மாறியது. எஸ்பிரெசோ இயந்திரத்தில் தொட்டியின் இடத்தில் ஒரு சிறு பம்பி இருக்கிறது. விரலின் இடத்தில், கூடைக்குள் அழுத்தி அடைக்கப்பட்ட கோப்பித் தூள் இருக்கிறது. தட்டையாக அழுத்தப்பட்ட அந்தத் தூளடுக்கை இனிக் கோப்பி வில்லை என்று அழைப்போம். வில்லை தடை கொடுத்தால் மட்டுமே அமுக்கம் ஏறும். தூள் மணல்போல் பருமனாக இருந்தால், பம்பி எவ்வளவு வலுவானதாக இருந்தாலும் நீர் சில செக்கன்களில் ஓடிவிடும், அமுக்கமும் எழாது.

அப்படியானால் பெட்டியிலுள்ள 15 என்ற எண் எதைச் சொல்கிறது? வீட்டு இயந்திரங்களில் பெரும்பாலும் அதிர்வுப் பம்பி என்ற வகையே பொருத்தப்படுகிறது. மின்காந்தம் ஒரு சிறு முசலத்தை (பிஸ்டனை) இழுக்க, சுருள்வில் அதைத் திருப்பித் தள்ள, அந்த ஆட்டத்தால் நீர் முன்னே செலுத்தப்படுகிறது. வெளிவழி முற்றாக அடைபட்டு, ஒரு துளி நீரும் ஓடாத நிலையில் இந்தப் பம்பி எட்டக்கூடிய உச்சமே அந்த 15 பார். நீர் ஓடத் தொடங்கியதும் அது கொடுக்கக்கூடிய அமுக்கம் இறங்குகிறது; ஓட்டம் கூடக்கூட இன்னும் இறங்குகிறது. ஆகவே 15 என்ற எண் கோப்பி தயாராகும்போது இருக்கும் அமுக்கம் அன்று. 20 பார் இயந்திரம் 15 பார் இயந்திரத்தைவிடச் சுவையான கோப்பி தரும் என்று கொள்ளவும் முடியாது. மாறாக, அமுக்கம் 9 பாரை அதிகம் தாண்டினால் வில்லை மேலும் இறுகி, நீர் சீராகக் கடக்க முடியாமல் பலவீனமான இடங்களைப் பிளந்துகொண்டு போகிறது. கவனமாக வடிவமைக்கப்பட்ட இயந்திரங்களில் இதற்காகவே ஓர் அமுக்கத் தணிப்பு வால்வு இருக்கும். குறிப்பிட்ட அளவுக்கு மேல் அமுக்கம் ஏறினால் அது திறந்து, மிகுதி நீரைத் தொட்டிக்கே திருப்பிவிடும். வாங்குபவருக்கு உண்மையில் பயன்படும் இந்தத் தகவலைப் பெட்டியின் முகப்பில் நான் கண்டதில்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பம்பி தள்ளுகிறது, கோப்பி வில்லை தடுக்கிறது, அந்த இரண்டுக்கும் நடுவில் அமுக்கம் பிறக்கிறது.

நீராவியால் இயங்குவது வேறு வகை

மிகக் குறைந்த விலையில் ‘எஸ்பிரெசோ’ என்ற பெயருடன் விற்கப்படும் சில கருவிகளில் பம்பியே கிடையாது. மூடிய கலத்தில் நீர் கொதித்து, அந்த ஆவியின் அமுக்கமே நீரைத் தூளுக்குள் தள்ளுகிறது. எஸ்பிரெசோவின் தொடக்கமும் இதுதான். மிலானைச் சேர்ந்த லூய்ஜி பெஸ்ஸேரா 1901இல் காப்புரிமை பெற்ற இயந்திரம் ஆவியமுக்கத்தால் இயங்கியது. அத்தகைய இயந்திரங்கள் எட்டியது 1.5 பார் அளவுதான். அதே நகரத்தின் அக்கீலே காஜியா, நெம்புகோலால் இயங்கும் முசலத்தைப் புகுத்திய பிறகே, 1940களின் பிற்பகுதியில், அமுக்கம் பல மடங்கு உயர்ந்து, கோப்பியின் மேல் பொன்னிற நுரை தோன்றியது. 1961இல் வெளிவந்த ஃபாயேமா நிறுவனத்தின் இ61 மின்பம்பியைப் பயன்படுத்தியது. 9 பார் என்ற வழக்கு இந்த வரலாற்றின் வழியே நிலைபெற்றது. அது இயற்கை விதியன்று.

ஆவியை இன்னும் சூடாக்கி 9 பாருக்குக் கொண்டுவர முடியாதா என்று கேட்கலாம். அவ்வளவு அமுக்கம் வேண்டுமானால் கலத்திலுள்ள நீர் 180 பாகை செல்சியஸ் வரை சூடேற வேண்டும். எஸ்பிரெசோவுக்கு ஏற்ற நீரின் வெப்பநிலையோ 90 முதல் 96 பாகை. ஆவிக் கருவியில் அமுக்கமும் வெப்பமும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. பம்பி அந்தக் கட்டை அவிழ்த்தது. கடையில் இரண்டையும் வேறுபடுத்துவது எளிது. நீர் ஊற்றிய பின் திருகி இறுக மூடவேண்டிய மூடி மேலே இருந்தால் அது ஆவிக் கருவி. கழற்றி எடுக்கக்கூடிய சாதாரண நீர்த்தொட்டி இருந்தால் அது பம்பி இயந்திரம். ஆவிக் கருவி தருவது கடுமையான கோப்பியாக இருக்கலாம். பாலும் சீனியும் சேர்த்துக் குடிப்பவருக்கு அது போதுமானதாகவும் இருக்கலாம். ஆனால் அதை எஸ்பிரெசோ இயந்திரமாக மதிப்பிடக்கூடாது.

திரிகையும் புட்டுக்குழலும்

தடையைத் தருவது தூள் என்றால், தூளை அரைப்பதே இந்த முயற்சியின் மையம் என்பது தெளிவாகும். இயந்திரத்துக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொண்டாவது நல்ல அரைக்கும் கருவி வாங்குங்கள் என்பதே என் உறுதியான கருத்து.

சரக்குத்தூள் அரைக்கும் கிரைண்டரில் ஓர் அலகு சுழன்று வெட்டுகிறது. அதில் சில துண்டுகள் மாவாகும், சில நொய்யாகவே கிடக்கும். எஸ்பிரெசோவுக்கு அது உதவாது. மாவு நுண்ணிடைவெளிகளை அடைக்க, பெரிய துண்டுகளைச் சுற்றி நீர் வழுக்கிப் போகும். பர் கிரைண்டர் என்பது நம் பழைய திரிகையைப் போன்றது: பல் வெட்டிய இரண்டு பாகங்களுக்கு இடையே கொட்டை நசுங்கி, அந்த இடைவெளியின் அளவுக்கு வந்த பிறகே வெளியே விழும். இடைவெளியைச் சிறுசிறு படிகளாகக் கூட்டிக் குறைக்க முடியுமா என்பதுதான் அதை வாங்கும்போது பார்க்கவேண்டிய முதன்மையான பண்பு. கையால் சுற்றும் வகை விலை குறைந்தது. ஒரு வேளைக்கான கொட்டையை அரைக்கச் சற்று நேரமும் கைவலுவும் வேண்டும், ஆனால் அதே விலைக்குக் கிடைக்கும் மின்கருவியைவிடப் பெரும்பாலும் சீராக அரைக்கும்.

சீரான தூளைச் சீராக நிரப்புவது அடுத்த பணி. குழல்புட்டு அவித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. மாவை இறுக்கி அடைத்தால் ஆவி மேலே வராது. ஒரு பக்கம் தளர்ந்தும் மறுபக்கம் இறுகியும் இருந்தால், ஆவி தளர்ந்த பக்கத்தால் மட்டும் ஏறி, மறுபக்கத்து மா அவியாமல் கிடக்கும். கோப்பி வில்லையிலும் அதே நிகழ்கிறது. நீர் ஒரு குறுக்குவழியைக் கண்டுபிடித்துவிட்டால், அந்த வழியிலுள்ள தூளிலிருந்து கசப்பு வரும்வரை எல்லாவற்றையும் கரைத்தெடுக்கும், மற்ற இடங்களைத் தொடாமலே விட்டுவிடும். ஒரே கோப்பையில் புளிப்பும் கசப்பும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் இதுவே காரணம். தூளைக் கட்டியில்லாமல் கிளறி, மட்டமாகப் பரப்பி, சரிவில்லாமல் அழுத்தினால் போதும். அளவுக்கு மீறிய பலம் தேவையில்லை.

இங்கே நம் வீட்டு வழக்கம் பற்றியும் சொல்லவேண்டும். மல்லியும் சுக்கும் சேர்த்து இடித்த கோப்பித்தூள் கொதிநீர் ஊற்றிக் குடிப்பதற்கு அருமையானது. எனக்கும் அது பிடித்தமானது. ஆனால் அதை இந்த இயந்திரத்தில் இடுவது பயனற்றது. எஸ்பிரெசோவுக்கு அண்மையில் வறுத்த தனிக் கோப்பிக் கொட்டை வேண்டும். மலைநாட்டில் விளைந்து இங்கேயே வறுக்கப்படும் அராபிக்கா கிடைத்தால், கடல் கடந்து வந்து மாதக்கணக்கில் தட்டில் கிடந்த பொதியைவிட அதையே தெரிவு செய்வேன்.

கூடையின் அடியில் எத்தனை துளைகள்?

தூளையிடும் கூடையைத் தாங்கும் கைப்பிடியுள்ள உலோகப் பாகத்துக்குப் போர்ட்டாபில்டர் என்று பெயர். மலிவான இயந்திரங்களுடன் வரும் கூடை பெரும்பாலும் இரட்டை அடியுடையது. உள்ளடியில் நிறையத் துளைகள் இருந்தாலும், வெளியடியில் ஒரேயொரு நுண்துளைதான் இருக்கும். அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஓர் ஊசிமுனை அளவு ஒளியே தெரியும். இங்கே தடையைக் கொடுப்பது அந்தத் துளை; ஆகவே பழைய தூளோ பருமனான தூளோ எதை இட்டாலும் அமுக்கம் எழும், நீர் துளையால் பீறிட்டு நுரைக்கும்.

அந்த நுரையைப் பார்த்து ஏமாறவேண்டாம். உண்மையான எஸ்பிரெசோவின் மேல் படியும் நுரைக்குக் கிரேமா என்று பெயர். வறுக்கும்போது கொட்டைக்குள் தங்கிய காபனீரொட்சைட்டு, அமுக்கத்தின் கீழ் நீரில் கரைந்து, கோப்பைக்கு வந்ததும் நுண்குமிழிகளாக விடுபடுவதால் அது உண்டாகிறது. ஆகவே கிரேமா கொட்டையின் புதுமையைப் பற்றிச் சற்றுச் சொல்லும். இரட்டை அடிக் கூடையின் நுரை துளையைப் பற்றி மட்டுமே சொல்லும்.

ஒற்றை அடிக் கூடையில் அடி முழுவதும் நுண்துளைகள் இருக்கும். அது தடையைத் தூளிடமே விட்டுவிடுகிறது. தொடக்கத்தில் கடினமாக இருந்தாலும், முன்னேற இடம் தருவது அதுதான். ஓர் இயந்திரத்தை மதிப்பிடும்போது, ஒற்றை அடிக் கூடை உடன் வருகிறதா, அல்லது தனியாகவேனும் வாங்கிப் பொருத்த முடியுமா என்பதையே நான் முதலில் கேட்பேன். 58 மில்லிமீற்றர் என்பது கோப்பிக் கடை இயந்திரங்களின் பொது அளவு. 51, 54 மில்லிமீற்றர் அளவுகளும் வீட்டு இயந்திரங்களில் உண்டு. குறைந்த விட்டம் குற்றமன்று, ஆனால் 58க்கு உதிரிப்பாகத் தெரிவு அதிகம்.

சுருக்கம்: தடையைத் தரவேண்டியது நன்றாக அரைத்து மட்டமாக நிரப்பிய தூள். கூடையின் ஒற்றைத் துளை அந்த வேலையைச் செய்யும்போது, நல்ல தூளுக்கும் மோசமான தூளுக்கும் உள்ள வேறுபாடு மறைந்துவிடுகிறது.

வெப்பம்: எண்ணில் தெரியாத குறை

மலிவான இயந்திரம் உண்மையாகவே பின்தங்குவது அமுக்கத்தில் அன்று, வெப்பநிலையில்தான். நீரைச் சூடாக்க இரண்டு வழிகள் வழக்கில் உள்ளன. ஒன்று, சிறு கொதிகலன். அதில் ஒரு கோப்பை அளவு நீர் எப்போதும் சூடாக நிற்கும். மற்றது தெர்மோபிளாக்; சூடான உலோகக் கட்டிக்குள் ஓடும் ஒடுங்கிய வழியில் நீர் போகும்போதே சூடேறும். தெர்மோபிளாக் ஒரு நிமிடத்துக்குள் ஆயத்தமாகிவிடும். ஆனால் ஆயத்த விளக்கு எரிந்தபோது போர்ட்டாபில்டர் இன்னும் குளிர்ந்தே இருக்கும்; முதலில் வரும் நீரின் வெப்பத்தை அந்த உலோகம் உறிஞ்சிக்கொள்ள, கோப்பி புளிக்கும். எந்த வகையானாலும், தூளிடாமல் ஒருமுறை வெந்நீரை அதனூடாக ஓடவிட்டுச் சூடாக்குவது நன்று. கொதிகலன் வகையைப் பதினைந்து நிமிடம் முன்னரே இயக்கிவைப்பது அதனிலும் நன்று.

எளிய வெப்பக் கட்டுப்பாட்டுச் சாதனம் குறிப்பிட்ட அளவுக்கு இறங்கினால் சூடாக்கியை இயக்கும், குறிப்பிட்ட அளவுக்கு ஏறினால் நிறுத்தும். இடையில் வெப்பநிலை பல பாகைகள் ஊசலாடும். பி.ஐ.டி. என்ற கட்டுப்பாட்டுக் கருவி தொடர்ந்து அளந்து, தேவையான அளவு மட்டும் மின்சாரம் செலுத்துகிறது. விலை நெருக்கமான இரு இயந்திரங்களில் ஒன்றில் அது இருந்தால், 20 பார் என்ற எண்ணைக் கைவிட்டு அதை எடுப்பதே அறிவு.

பால் நுரைக்க ஆவி வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது. ஒரே கலத்தில் கோப்பியும் ஆவியும் தரும் இயந்திரம், கோப்பி எடுத்த பின் மேலும் சூடேறக் காத்திருக்கவேண்டும். திரும்பக் கோப்பி எடுக்கும் முன் குளிரவேண்டும். காலையில் ஒருவர் அருந்துவதற்கு இது ஒரு குறையே இல்லை. விருந்தினர் ஐவர் வந்து பால்கோப்பி கேட்டால் கடைசிக் கோப்பைக்கு வெகுநேரம் ஆகும்.

தராசு, கடிகாரம், மூன்று கோப்பைகள்

இயந்திரம் கைக்கு வந்த பிறகு அதை எப்படிச் சோதிப்பது? 0.1 கிராம் வரை காட்டும் சிறு தராசும் கைபேசியிலுள்ள கடிகாரமும் போதும். 16 கிராம் தூளை இடுங்கள். கோப்பைக்கு 32 கிராம் திரவம் வரும்வரை நேரத்தை அளவிடுங்கள். 25 முதல் 30 செக்கன் ஆனால் நல்ல தொடக்கம். பத்துச் செக்கனில் நிறைந்துவிட்டால் தூள் பருமனானது. ஒரு நிமிடமாகியும் துளித்துளியாகச் சொட்டினால் மிகவும் நுண்ணியது. ஒருமுறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள், அதுவும் அரைப்பின் அளவை. மழைக்காலத்தில் கொழும்பின் ஈரக்காற்றைத் தூள் உறிஞ்சிக்கொள்வதால், நேற்றுச் சரியாக இருந்த அளவு இன்று சற்று மாறக்கூடும். அதற்கும் இதே திருத்தம்தான்.

நேரம் சரியாக அமைந்த பின், சுவையைப் புரிந்துகொள்ள ஒரு சோதனை உண்டு. கோப்பி வழியும்போதே கோப்பையை மாற்றி, முதல் மூன்றிலொரு பங்கை ஒன்றிலும், நடுப்பங்கை இன்னொன்றிலும், கடைசியை மூன்றாவதிலும் பிடியுங்கள். தேங்காய்ப்பூவைப் பிழியும்போது முதற்பால் கொழுத்தும் மூன்றாம் பால் நீர்த்தும் வருவதுபோல, முதற்பங்கு அடர்ந்து கடும் புளிப்பாகவும், நடுப்பங்கு இனிமை கலந்ததாகவும், கடைப்பங்கு மெலிந்து கசப்பாகவும் இருக்கும். தூளிலுள்ள சுவைப்பொருள்களை நீர் கரைத்தெடுப்பதற்குப் பிரித்தெடுப்பு என்று பெயர். கோப்பித் தூளின் நிறையில் ஏறத்தாழ 30 வீதம் கரையக்கூடியது. தூளின் மொத்த நிறையில் 18 முதல் 22 வீதம் வரை எடுப்பதே பொதுவாக நன்றென்று கருதப்படுகிறது. கோப்பி புளித்தால் குறைவாக எடுத்திருக்கிறோம், எனவே நுண்ணியதாக அரைக்கவேண்டும். வாயை உலர்த்தும் கசப்பென்றால் மிகையாக எடுத்திருக்கிறோம், எனவே பருமனாக்கவேண்டும்.

மைத்துனரின் இயந்திரத்தை அலுமாரியிலிருந்து எடுத்து, ஓர் ஒற்றை அடிக் கூடையும் கைக் கிரைண்டரும் கொண்டு இதைத்தான் செய்தோம். முதல் முயற்சி 9 செக்கனில் முடிந்தது. ஐந்தாவது, 27 செக்கன் எடுத்தது. அதை அவர் சீனியில்லாமல் குடித்தார்.

செருகியும் நீரும்

இலங்கையின் மின்சாரம் 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ். இலண்டனிலிருந்தோ பாரிசிலிருந்தோ உறவினர் கொண்டுவரும் இயந்திரம் செருகியை மாற்றினால் இயங்கும். ரொறன்ரோவிலிருந்து வருவது அப்படியன்று. கனடாவில் 120 வோல்ற்று, 60 ஹேர்ட்ஸ். மின்மாற்றி வோல்ற்றளவை இறக்கித் தரும், மீடிறனை, அதாவது அந்த ஹேர்ட்ஸ் எண்ணை, மாற்றாது. அதிர்வுப் பம்பியின் முசலம் மின்சாரத்தின் மீடிறனுக்கேற்பவே ஆடுவதால், 60க்கென வடிவமைத்த பம்பி இங்கே செக்கனுக்கு 50 தடவை மட்டுமே ஆடும். 1,350 வாற்று இயந்திரத்தைத் தாங்கும் மின்மாற்றியோ பெரியது, பாரமானது, விலையும் கூடியது. அன்புடன் தரப்படும் பரிசை மறுப்பது கடினம்; வாங்கும் முன்பே உறவினரிடம் இதைச் சொல்லிவைப்பது நல்லது. அதே 1,350 வாற்று, 230 வோல்ற்றில் ஏறத்தாழ 6 அம்பியர் இழுக்கும் என்பதால், பழைய வீடுகளிலுள்ள 5 அம்பியர் உருண்டைத் துளைச் செருகியில் இதைப் பொருத்தவேண்டாம்.

நீரைப் பொறுத்தவரை கொழும்பில் வாழ்வோர் கொடுத்துவைத்தவர்கள். களனி கங்கையிலிருந்தும் நீர்த்தேக்கங்களிலிருந்தும் வரும் குழாய்நீர் மென்மையானது. கேத்தலின் அடியில் வெண்படிவு அவ்வளவாகச் சேர்வதில்லை. அதே இயந்திரத்தை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினால் நிலைமை வேறு. சுண்ணக்கல் நிலத்துக் கிணற்றுநீர் தெர்மோபிளாக்கின் ஒடுங்கிய வழியை மெல்ல மெல்ல அடைத்துவிடும். அங்கே வடிகட்டி மென்மையாக்கிய நீரும், ஒழுங்காகப் படிவு நீக்குதலும் கட்டாயம்.

கடையை விட்டுப் புறப்படுமுன் கேட்கவேண்டிய கேள்வி இன்னும் ஒன்று உண்டு. போர்ட்டாபில்டர் பொருந்தும் இடத்தில் நீர் கசியாமல் காக்கும் இறப்பர் வளையம் காலப்போக்கில் கடினமாகி வெடிக்கும். அந்த வளையம் கொழும்பில் கிடைக்கிறதா என்று கேளுங்கள். விற்பவர் அதை எடுத்துக் காட்டினால், அந்த இயந்திரத்தை வாங்க எனக்குத் தயக்கம் இருக்காது.